மிருதங்கத்தோடு சென்னைக்குக் குடிபோகலாமா?

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்த தம்பி, "காரைதீவில் இருந்து என்ன செய்வது, சென்னைக்கே போறன்" என்று நிற்கிறார். நீங்கள் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காணியை இப்போதைக்கு அப்படியே விடுங்கள்.

தம்பி வாசிக்கும் மிருதங்கம் பக்கவாத்தியம், பாடகருக்குத் துணையாக வாசிப்பது. பக்கவாத்தியக்காரரைச் சபைக்காரர் (கச்சேரி நடத்துகிறவர்கள்) தேடி வந்து பிடிப்பது குறைவு. "இன்னாரைப் போடுங்கோ" என்று பாடகரோ வயலின்காரரோ சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல நாலு பேர் இல்லாத ஊரில் அறை எடுத்து இருந்தால், வாடகை ஓடும், கச்சேரி வராது. சென்னையில் நன்றாக வாசிக்கிற இளம் மிருதங்கக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. மார்கழியில் மத்தியான நேரத்துக் கச்சேரிகள் பெரும்பாலும் புதியவர்களுக்குத்தான். அவற்றில் சன்மானம் இல்லாமலும் போகும், இருந்தால் ஆட்டோக் காசுக்குக் காணும். அதை வருமானமென்று கணக்கில் எழுதாதீர்கள்.

விசாவையும் பாருங்கள். சுற்றுலா விசாவில் இந்தியாவுக்குப் போய்ச் சம்பளத்துக்கு வாசிக்க முடியாது. மாணவர் விசா படிப்புக்கு மட்டும். ஆகவே "அங்கே போய் உழைச்சுப் படிப்பன்" என்ற திட்டம் சட்டப்படியே நிற்காது. வீட்டுக்காரர்களும் பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள்.

சென்னைக்குப் போவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஒரு குருவிடம் நேரே உட்கார்ந்து படிப்பது. அவர் "வா" என்று சொல்லியிருக்க வேண்டும், கிழமைக்கு எத்தனை வகுப்பு என்பதும் பேசியிருக்க வேண்டும். மற்றது வாத்தியம். மார்கழியில் நம் கிழக்குக் கரையில் மழையும் ஈரமும் சேர்ந்து தோலைத் தளர்த்திவிடும்; காலையில் சேர்த்த சுருதி பின்னேரம் இறங்கி நிற்கும். தோலை இழுத்துக் கட்டிய வாரை இறுக்கிச் சமாளிக்கலாம். ஆனால் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், கறுப்பு வட்டமாகப் பூசிய சோறு வெடித்து உதிரத் தொடங்கினால் புது மூட்டுத்தான் (முழுத் தோற்பகுதி) போட வேண்டும். அதைச் சரியாகச் செய்கிற கை நம் பக்கத்தில் அரிது. சென்னையில் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போகிற போது அந்த வேலையையும் முடித்துக்கொண்டு வரலாம். ஒரே மிருதங்கத்தை நம்பிப் போகவும் கூடாது. சுருதி அளவில் ஆண் குரல் ஒரு கட்டையை ஒட்டி, பெண் குரல் ஐந்து கட்டையை ஒட்டி. இரண்டுக்கும் ஒரே வாத்தியம் ஒத்துவராது. தக்குச் (தாழ்ந்த) சுருதிக்கு ஒன்று, ஹெச்சுச் (உயர்ந்த) சுருதிக்கு ஒன்று வேண்டும்.

தம்பி தயாரா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அவர் கேட்டிராத ஒரு கீர்த்தனையை, சமத்திலிருந்து (தாளம் தொடங்கும் இடம்) ஒன்றரை அட்சரம் (தாள எண்ணிக்கை) தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) உள்ளதாக, ஆதி தாளத்தில் யாரையாவது பாடச் சொல்லுங்கள். ஒத்திகை வேண்டாம். தம்பி மூன்று நிமிடத் தனி ஆவர்த்தனம் வாசித்து, அதை முடிக்கும் கோர்வையை அந்த எடுப்பில் கொண்டுவந்து விட வேண்டும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (ஒரு சுற்று) எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை. சமத்திலிருந்து இரண்டு ஆவர்த்தனத்துக்குக் கணக்கு 64 மாத்திரை, எடுப்பு வரை இன்னும் ஆறு, ஆக 70. மனப்பாடமாக வைத்திருக்கும் 64 மாத்திரைக் கோர்வையைச் சமத்தில் தொடங்கி அப்படியே வாசித்தால் எடுப்புக்கு முன்னமே முடிந்துவிடும், பாடகர் முகம் சுருங்கும். அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராமல் போவது பெரும்பாலும் இப்படியான இடத்தில்தான். வேகம் போதாததால் அல்ல.

கொழும்பு வேறு கதை. அங்கே மிருதங்கத்துக்குக் கச்சேரியை விட நடன அரங்கேற்றத்தில்தான் வேலை அதிகம். ஜதிக்கும் (ஆட்டத்துக்கான சொற்கட்டு) நட்டுவாங்கத்துக்கும் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது) வாசிப்பது தனிப் பழக்கம். கச்சேரிக் கை மட்டும் இருந்தால் முதல் ஒத்திகையிலேயே தடுமாறும். அதற்காகக் கொழும்பில் குடியிருக்கவும் தேவையில்லை, இரவு பஸ்ஸில் போய்வரலாம். ஆனால் ஒத்திகை எத்தனை நாள், ஒத்திகைக்குக் காசு தனியா, போக்குவரத்து யார் பொறுப்பு என்பதை ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிட வேண்டும். அரங்கேற்றத்துக்கு ஒரு தொகை என்று மட்டும் பேசினால் ஆறு ஒத்திகை இலவசமாகப் போய்விடும்.

அப்படியானால் இப்போது என்ன? பக்கத்திலேயே, மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, காரைதீவிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். சங்கீதத்தில் பட்டம் இருந்தால் பாடசாலை ஆசிரியர் வேலைக்கு வழி உண்டு. அந்தச் சம்பளத்தின் துணையோடு கச்சேரியை நம்புவது எளிது. ஒரு விஷயத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதிப் படிவத்தில் பாடநெறியைத் தெரிவு செய்தால் மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சைக்கு (அந்தத் துறைக்கான திறனைப் பார்க்கும் பரீட்சை) வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தல் தனியாக வரும், முடிவுத் திகதியும் வேறு. அதைக் கவனிக்காமல் விட்டால் உயர்தர இசட் புள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஆண்டு போனதுதான். இந்தியப் பட்டம்தான் வேண்டும் என்றால், காசு கட்டுமுன் இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த நிறுவனத்தை ஏற்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் நியமனத்தின்போது சிக்கும்.

படிக்கிற காலத்தில் இரண்டு மார்கழிக்கு, தலா மூன்று கிழமை, சென்னை போய்வரட்டும். பகலில் குருவிடம் பாடம், பின்னேரம் கச்சேரி கேட்பது, முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் இளம் பாடகர்களோடு பழகுவது. இரண்டாம் முறை போகும்போது கைப்பேசியில் மூன்று பதிவு இருக்கட்டும்: ஒரு முழுக் கீர்த்தனைக்கு வாசித்தது, மிஸ்ர சாபு தாளத்தில் ஒன்று, ஐந்து நிமிடத் தனி ஆவர்த்தனம். அலங்காரம் வேண்டாம், வலந்தலையும் இடது பக்கத் தொப்பியும் தெளிவாகக் கேட்டால் போதும். திரும்பி வந்த பிறகும் அங்கிருந்து யாராவது கூப்பிட்டுத் திகதி கேட்டால், குடிபோவதைப் பற்றி அப்போது பேசலாம்.

அதுவரை ஊர்க் கோயில் திருவிழாக்களை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டி மட்டக்களப்பு மாமாங்கத்திலும் திருக்கோவில் ஊரிலும் திருவிழா. அந்த நாட்களில் தம்பி வெளியூரில் இருந்தால் அடுத்த வருடம் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.