சுவரைக் குடைந்தவர் எப்படித் திருந்தினார்?

கேள்வி: 'மெக்விகார்' என்ற பழைய ஆங்கிலப் படம் பார்த்தேன். துப்பாக்கி முனையில் கொள்ளையடித்த ஒருவன் சிறையிலிருந்து தப்பிக்கிறான், பிடிபடுகிறான், கடைசியில் திருந்தியும் விடுகிறான். உண்மைக் கதையாம். அவனைத் திருத்தியது தண்டனைதானே? படம் அதைச் சொல்லாமல் அவன் தப்பித்ததைக் கொண்டாடுகிறதே, சரியா?

பதில்: தண்டனை அவரைத் திருத்தவில்லை. இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை எழுதியிருப்பேன்! கொள்ளைக்காரன் திருந்தினான் என்று எங்காவது செய்தி வந்தால் போதும், 'பார்த்தீர்களா, தண்டனையின் மகிமை' என்று கடிதம் வந்துவிடுகிறது.

ஜான் மெக்விகாருக்குத் தண்டனையில் குறை வைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசம். அடைத்த இடம் டர்ஹாம் சிறையின் 'ஈ' பிரிவு. அன்றைய இங்கிலாந்தில் அதைவிடக் கெடுபிடியான இடம் தேடினாலும் கிடைக்காது. அங்கே இருந்துகொண்டு அவர் குளியலறைச் சுவரைக் குடைந்தார். 1968 அக்டோபரில் வெளியே போய்விட்டார். கூடவே கிளம்பிய வால்டர் ப்ரோபின் சீக்கிரமே சிக்கினார். மெக்விகாரைப் பிடிக்க 1970 நவம்பர் ஆனது. கடுமை கூடக்கூட அவருடைய புத்தி முழுக்கச் சுவரிலேயே போய் நின்றது. தண்டனை அவருக்குச் செய்தது இதைத்தான்.

அரசாங்கத்தின் புத்தியும் அதே சுவரில்தான் நின்றது. 1964ல், இங்கிலாந்தையே உலுக்கிய ரயில் கொள்ளைக் கும்பலின் சார்லி வில்சன் பர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் சிறையிலிருந்து தப்பிப் போனார். 1965ல் அதே கும்பலின் ரோனி பிக்ஸ் வான்ட்ஸ்வொர்த் சிறையிலிருந்து. 1966 அக்டோபரில் உளவாளி ஜார்ஜ் பிளேக் வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறைச் சுவரைத் தாண்டினார். அவருக்கு வெளியிலிருந்து வீசப்பட்ட கயிற்றேணியைக் கவனியுங்கள்: படிகள் தொய்யாமல் நிற்க ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளைக் கோத்திருந்தார்கள். 42 ஆண்டுத் தண்டனையை அந்த ஊசிகள் முடித்துவைத்தன. உடனே மவுன்ட்பேட்டன் பிரபு தலைமையில் விசாரணை நடந்தது. கைதிகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள், காவலை இறுக்கினார்கள். அதற்கு இரண்டே ஆண்டு கழித்துத்தான் மெக்விகார் தப்பித்தார்.

சரி, எதுதான் திருத்தியது? அதே 'ஈ' பிரிவுக்குள் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஸ்டான்லி கோஹன், லாரி டெய்லர் என்ற இரண்டு சமூகவியல் ஆசிரியர்கள் நீண்டகாலக் கைதிகளுக்குப் பாடம் சொல்ல வந்தார்கள். இருபது ஆண்டு உள்ளே கிடப்பவனுக்கு எது பெரிய பயம் என்று அந்தக் கைதிகள் பேசியதெல்லாம் பின்னால் ஆய்வாகவே வந்தது. காவலரின் தடியைவிட, மூளை மழுங்கி நடைப்பிணமாகிவிடுவோமோ என்பதுதான் அவர்களை வாட்டியிருக்கிறது. அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் மெக்விகாரும் ஒருவர்.

வகுப்பில் உட்கார்ந்த மனிதர்தான் சுவரையும் குடைந்தார். 'பார்த்தீர்களா, படிப்பும் திருத்தவில்லையே' என்று இதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. ஒரு ஆள் ஒரே நாளில் திருந்துவான் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பிடிபட்டு மறுபடி உள்ளே போனபின் அவர் விட்ட இடத்திலிருந்து படித்தார். சமூகவியலில் பட்டம் வாங்கினார். தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். 1978ல் பரோலில் வெளியே வந்தார், பத்திரிகையாளர் ஆனார். தண்டனை அவரை அடைத்துவைத்தது, அவ்வளவுதான். அடைத்துவைத்த காலத்தில் கையில் புத்தகம் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

படத்தின் மீது எனக்கும் கோபம் உண்டு. உங்கள் கோபம் வேறு. தப்பித்ததைக் காட்டட்டும், நன்றாகவே காட்டட்டும். வியர்க்க வியர்க்கச் சுவரைக் குடைவதைக் காட்டப் பொறுமை இருந்தவர்களுக்கு, அதே கை பேனா பிடித்ததைக் காட்டப் பொறுமை இல்லாமல் போனதே என்பதுதான் என் வருத்தம். சிறைப்படம் எடுக்கும் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது. போர்வையைக் கிழித்துக் கயிறு திரிப்பது, ஸ்பூனால் சுரண்டுவது, மண்ணைக் கால்சட்டைக்குள் மறைத்து மைதானத்தில் உதிர்ப்பது என்று மணிக்கணக்கில் எடுக்கிறார்கள். ஒருவன் இரவு விளக்கணைவதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிடத் தவிப்பதை எடுத்துப் பாருங்கள், அதிலும் பதற்றம் இருக்கிறது.

புத்தகம் என்றதும் 2013 ஞாபகம் வருகிறது. அந்த நவம்பரில் இங்கிலாந்தில் கைதிகளுக்கு வெளியிலிருந்து பார்சல் வரக் கட்டுப்பாடு போட்டார்கள். குடும்பத்தார் ஒரு புத்தகம்கூட அனுப்ப முடியாத நிலை. எழுத்தாளர்கள் பென்டன்வில் சிறை வாசலில் கூடிக் கவிதை வாசித்தார்கள். 2014 டிசம்பரில் அந்த நடவடிக்கை சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது நான் கைதிகள் பக்கம் நின்று எழுதியதற்கு, 'திருடனுக்கு நூலகம் ஒரு கேடா' என்று இங்கேயே சண்டைக்கு வந்த வாசகர்களை மறக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

மெக்விகாரைப் புனிதராக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓட்டப்பந்தய வீரர் லின்ஃபோர்ட் கிறிஸ்டி ஊக்கமருந்து எடுத்தார் என்று எழுதி, 1998ல் அவதூறு வழக்கில் தோற்றார். கிறிஸ்டிக்கு 40,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. எழுதிய வார்த்தைக்காகக் கோர்ட்டில் நிற்பது பத்திரிகைக்காரனுக்கு வரக்கூடிய கஷ்டம். வங்கிக்குள் துப்பாக்கி நீட்டியவருக்கு அந்தக் கஷ்டம் வந்தது என்பதே பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். 2022ல் இறக்கும்வரை அவர் பிறகு கொள்ளைப் பக்கம் போகவில்லை.

நடிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடமாட்டேன். மெக்விகாராக வரும் ரோஜர் டால்ட்ரி, ப்ரோபினாக வரும் ஆடம் ஃபெய்த் இருவருமே பாடகர்கள். டால்ட்ரிக்குக் கோபம் நன்றாக வருகிறது. அலட்டாமல் ஆளை நம்பவைப்பவர் ஃபெய்த். மறுபடி பார்த்தால் அவருக்காகப் பாருங்கள்.