மிட்ரேஞ்ச் கிராஃபிக்ஸ் கார்டை ஒழுங்காக அளப்பது எப்படி: கேள்வி பதில்

கார்டு வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கலாம். ஆனால் நான் பேசப் போவது அளப்பதைப் பற்றி மட்டும்தான். எஃப்பிஎஸ் எண் (ஒரு நொடியில் கார்டு வரையும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், எண்ணிக்கை) எப்படி வருகிறது, எப்போது அதை நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதுதான் விஷயம். ஏறத்தாழ 250 முதல் 430 டாலர் விலைக்குள் அறிமுகமான கார்டுகளை எடுத்துக்கொள்வோம்: ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 7600, 9060 எக்ஸ்டி, இன்டெல் ஆர்க் பி580.

கேள்வியோடு மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: ப்ராசஸர் எது, ரேம் எத்தனை ஸ்டிக், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா. மூன்றாவதை யாரும் எழுத மாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் முதலிலேயே கேட்கிறேன்.

திருநெல்வேலி, கல்லூரி மாணவர்: அண்ணா, புது ஆர்டிஎக்ஸ் 4060 போட்டிருக்கேன். சைபர்பங்க் 2077ல அதிலேயே இருக்குற பெஞ்ச்மார்க்கை (வேகத்தை அளக்குற சோதனை) ஓட்டினா, யூடியூப்ல காட்டுறதை விட 15 எஃப்பிஎஸ் குறைவா வருது. கார்டு பழுதா?

பழுதான கார்டு பெரும்பாலும் வேறு விதமாகத் தெரியும். திரையில் கோடு விழும், கேம் மூடிக்கொள்ளும், கருப்புத் திரை வரும். எண் மட்டும் குறைந்தால் முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள் தம்பி. சில கேம்களில் ஆயத்த செட்டிங்ஸான ஒரு ப்ரீசெட்டைத் தொட்டாலே அப்ஸ்கேலிங் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது) தானாக ஆன் ஆகிவிடும். வீடியோவில் இருப்பவர் என்விடியாவின் அப்ஸ்கேலிங்கான டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் ஓட்டியிருப்பார், நீங்கள் நேட்டிவில் (பெரிதாக்காமல் முழு ரெசல்யூஷனில்) ஓட்டியிருப்பீர்கள். அப்போது இரண்டும் ஒரே கேம் என்றாலும் ஒரே சோதனை அல்ல.

அடுத்தது ரேம். 3200 என்று பெட்டியில் போட்ட டிடிஆர்4 ரேமை அப்படியே செருகினால் பல போர்டுகளில் 2133 அல்லது 2400இல்தான் ஓடும். எக்ஸ்எம்பி ஆன் செய்தால்தான் 3200 வரும். ஒரே ஸ்டிக் என்றால் ரேமிலிருந்து ஒரே நேரத்தில் போகும் தரவு இன்னும் பாதியாகும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் அங்கேயே தெரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஈரோடு: எந்த மென்பொருளில் அளக்கிறீர்கள்? கேமில் மூலையில் தெரியும் எண் போதாதா?

போதாது. அது அந்த நொடியின் எண். ஒரு நிமிட ஓட்டம் முழுவதையும் ஃபிரேம் ஃபிரேமாகப் பதிவு செய்ய வேண்டும். இன்டெல் வெளியிடும் பிரசன்ட்மான் இலவசம். கேப்ஃபிரேம்எக்ஸும் இலவசம், அது பிரசன்ட்மானைக் கொண்டே பதிவு செய்து வரைபடமாகக் காட்டும். நான் எல்லாவற்றுக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ்தான்.

ஏன் ஃபிரேம் ஃபிரேமாக? பத்து ஃபிரேமை மட்டும் எடுத்துப் பார்ப்போம். முதல் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லிசெகண்ட் எடுக்கிறது. இரண்டாவது கார்டு ஒன்பது ஃபிரேமை 12 மில்லிசெகண்டில் வரைந்துவிட்டு, பத்தாவதுக்கு 59 மில்லிசெகண்ட் எடுக்கிறது. இரண்டிலும் பத்து ஃபிரேமுக்கு மொத்தம் 167 மில்லிசெகண்ட்தான். சராசரி இரண்டுக்கும் 60 எஃப்பிஎஸ். ஆனால் இரண்டாவது கார்டில் விளையாடினால் பத்து ஃபிரேமுக்கு ஒருமுறை திரை வெட்டி வெட்டிப் போகும். சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இப்படி நொடிக்குள் புகுந்து பார்க்கும் முறையை எழுதிய பிறகுதான் மற்ற விமர்சகர்களும் மெல்ல மெல்ல ஃபிரேம் நேரத்துக்கு வந்தார்கள்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எக்செலில் போட்டு நீங்களே கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு ஃபிரேமையும் எஃப்பிஎஸ்ஸாக மாற்றி அதற்குச் சராசரி எடுக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டாவது கார்டுக்கு அப்படிப் போட்டால் 76.7 வரும், உண்மை 60 என்றிருக்கும்போதே. மொத்த ஃபிரேமை மொத்த நேரத்தால் வகுங்கள், அதுதான் சரி.

ஈரோடு, மறுபடியும்: 1% லோ என்பது அப்புறம் என்ன? இரண்டு தளங்களில் ஒரே கார்டுக்கு வேறு வேறாக இருக்கிறதே.

நல்ல கேள்வி. கணக்கிடும் முறை இரண்டு இருக்கிறது. எல்லா ஃபிரேமையும் வேகப்படி வரிசைப்படுத்தி, மோசமான 1% தொடங்கும் இடத்தில் இருக்கும் எண்ணைச் சொல்வது ஒன்று. மோசமான அந்த 1% ஃபிரேம்களின் சராசரியைச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது எப்போதும் கீழே நிற்கும். கேப்ஃபிரேம்எக்ஸ் இரண்டையும் தரும். எதை எடுத்தீர்கள் என்று எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்.

0.1% லோவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு நிமிட ஓட்டம் என்றால் 3,600 ஃபிரேம். அதில் 0.1% என்பது நாலு ஃபிரேம்கூட இல்லை. பின்னால் விண்டோஸ் ஏதோ அப்டேட்டைத் தேடினாலே அந்த எண் சரிந்துவிடும்.

முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. புது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டவுடன் ஷேடர்கள் (படத்தை வரைய கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரல்கள்) திரும்பக் கம்பைல் ஆகும், அந்தத் திக்கலெல்லாம் முதல் ஓட்டத்தில்தான் விழும். அதைத் தள்ளிவிட்டு அடுத்த மூன்று ஓட்டங்களை எடுங்கள். அந்த மூன்றும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

வேலூர்: ப்ரோ, 5060 வாங்கலாமா, 9060 எக்ஸ்டி வாங்கலாமா?

வாங்குவதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆனால் கீழே கார்டின் 8 ஜிபி மெமரி பற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கோலாலம்பூர்: என்னிடம் ரைசன் 5 2600 இருக்கிறது. ஆர்க் பி580 போட்டேன். விமர்சனங்களில் 4060ஐ முந்துகிறது, எனக்கோ பின்தங்குகிறது. ரேம் 2 ஸ்டிக், எக்ஸ்எம்பி ஆன்.

எக்ஸ்எம்பியை எழுதியதற்கு நன்றி.

விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை, நீங்களும் தவறாக அளக்கவில்லை. ஒரு கார்டை மட்டும் அளக்க வேண்டும் என்பதால் விமர்சகர்கள் இருப்பதிலேயே வேகமான ப்ராசஸரைப் போடுவார்கள். அது சரியான முறைதான். ஆனால் பி580இன் டிரைவர் ப்ராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. 2024 டிசம்பரில் கார்டு வந்தது. 2025 ஜனவரியில் பழைய ப்ராசஸர்களில் சோதித்தவர்கள்தான் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ரைசன் 5 2600 அதில் அடிபட்டவற்றில் ஒன்று. பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் ப்ராசஸர் ஒரேயடியாக எட்ட விடும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்க் கார்டுக்கு அது இல்லாவிட்டால் வேகம் மளமளவென்று இறங்கும்.

உங்கள் மிஷினில் ப்ராசஸர்தான் தடுக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அதே இடத்தில், அதே செட்டிங்ஸில், ரெசல்யூஷனை மட்டும் 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கார்டு சும்மா காத்திருக்கிறது என்று அர்த்தம். ஷேடோ ஆஃப் தி டூம் ரைடரின் பெஞ்ச்மார்க், கார்டு எத்தனை சதவீத நேரம் தடையாக இருந்தது என்று கடைசியில் தானே சொல்லும். 2018இல் வந்த கேம்தான், ஆனாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

திருச்சி: 8 ஜிபி போதாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என் 4060இல் எஃப்பிஎஸ் நன்றாகத்தானே வருகிறது?

எஃப்பிஎஸ் நன்றாக வரும். எண்ணை மட்டும் பார்த்து ஏமாறும் இடமே இதுதான். கார்டு மெமரி நிரம்பியதும் எல்லா கேமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில கேம் திக்கும், அது வரைபடத்தில் தெரியும். சில கேம் சத்தமில்லாமல் டெக்ஸ்ச்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படம்) மழுங்கலாக்கிவிட்டு எஃப்பிஎஸ்ஸைக் காப்பாற்றிக்கொள்ளும். 2023இல் ஹாக்வார்ட்ஸ் லெகசி வந்தபோது இதை எல்லோரும் பார்த்தார்கள். சுவர் அருகே போய் நின்றால் கல்லின் வரிகள் வராமல் பூசி மெழுகியதுபோல இருக்கும், எண்ணோ அசையாது. அதனால் பெஞ்ச்மார்க் ஓடும்போது திரையையும் பாருங்கள். முடிந்தால் வீடியோ எடுத்து வையுங்கள்.

மெமரியின் பாதிப்பை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமா? 4060 டிஐ கார்டில் 8 ஜிபி, 16 ஜிபி இரண்டும் வந்தன. சிப் ஒன்று, பஸ் (மெமரிக்குப் போகும் பாதை) ஒன்று, மெமரி அளவு மட்டும் வேறு. இரண்டையும் ஒரே கேமில் வைத்து எடுத்த சோதனைகளைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் போர்டில் கார்டைச் செருகும் இணைப்பு பிசிஐஇ 3.0 என்றால் இன்னொரு விஷயம். 4060இல் எட்டு லேன்தான் (தரவு போகும் தடம்) இருக்கிறது. 4.0இல் ஏறத்தாழ நொடிக்கு 16 ஜிபி போகும், 3.0இல் 8 ஜிபிதான். மெமரி நிரம்பாத வரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்ததும் அந்தப் பாதைதான் நெரியும்.

தாம்பரம்: அண்ணா என் 7600ல எஃப்பிஎஸ் கம்மியா வருது.

எக்ஸ்எம்பி? ரேம் எத்தனை ஸ்டிக்?

கோயம்புத்தூர்: ஃபிரேம் ஜெனரேஷனை (கேம் வரையும் ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பது) ஏன் எல்லோரும் ஒதுக்குகிறீர்கள்? என் 5060இல் 4எக்ஸ் (ஒரு ஃபிரேமை நாலாக்குவது) போட்டால் 120 வருகிறது. கண்ணுக்கு 120 தெரிகிறது. அப்புறம் அது 120 இல்லையா?

திரைக்குப் போவது 120. கேம் வரைவது 30. இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதக்கூடாது என்பதுதான் என் வாதம். நடுவில் வரும் ஃபிரேமை உருவாக்க அடுத்த உண்மையான ஃபிரேம் கையில் இருக்க வேண்டும். அதனால் அது தயாரான பிறகும் கொஞ்சம் பிடித்து வைத்துத்தான் திரைக்கு அனுப்புகிறது. மவுஸை அசைத்தால் பதில் வருவது 30இன் வேகத்தில்தான், அதற்கும் சற்றுத் தாமதமாக.

கோயம்புத்தூர்: என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதே, தாமதத்தை அது குறைக்கிறது.

குறைக்கிறது. ஆனால் ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாமலும் ரிஃப்ளெக்ஸ் போடலாமே? ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் ரிஃப்ளெக்ஸ் ஆன் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆன் செய்து காட்டும் வரைபடத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஓசூர் (இடையில்): கதை சொல்லும் கேமுக்கு இது போதும் சார். எல்லோருமா போட்டிக்கு ஆடுகிறார்கள்?

ஒப்புக்கொள்கிறேன். அடிப்படை 60க்கு மேல் இருந்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இருந்தால் ஃபிரேம் ஜெனரேஷன் நன்றாகவே இருக்கும். நானும் அப்படி விளையாடுகிறேன். நான் எதிர்ப்பது எண்ணைக் கலப்பதைத்தான். 2025 ஜனவரியில் 549 டாலர் 5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090இன் வேகத்தைத் தரும் என்று என்விடியா மேடையிலேயே சொன்னார்கள். அந்தக் கணக்கு நின்றதே உருவாக்கிய ஃபிரேம்களை எண்ணியதால்தான். நம் மாதிரி ஆட்கள் அதையே பெஞ்ச்மார்க் என்று எழுத ஆரம்பித்தால், அடுத்து வாங்குகிறவர் எதை நம்புவார்?

கோயம்புத்தூர்: சரி, ஆனால் ஆன் செய்தால் இழப்பு எதுவும் இல்லையே. இலவசமாகக் கிடைப்பதுதானே?

இலவசம் இல்லை. இதை அளந்தே பார்க்கலாம். ஆஃப் செய்து 60 வருகிறது, 2எக்ஸ் ஆன் செய்தால் 100 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100இல் பாதி 50. அதாவது வரைவது 60இலிருந்து 50க்கு இறங்கிவிட்டது, மீதி அந்த வேலைக்கே போய்விட்டது. கார்டு மெமரியும் கூடுதலாகப் பிடிக்கும். 8 ஜிபி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஆன் செய்த பிறகு திக்கல்தான் அதிகமாகும். உதவி அதிகம் தேவைப்படும் கார்டிலேயே இது அதிகம் தடுமாறுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். ஆன், ஆஃப் இரண்டையும் தனித்தனி வரிசையில் எழுதினால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. இத்துடன் இதை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கும்பகோணம்: கம்பெனி வெளியிடும் ஸ்லைடுகளை நம்பலாமா?

அடிக்குறிப்பைப் படித்துவிட்டு நம்புங்கள். 2001இல் ஏடிஐ (பின்னாளில் ஏஎம்டி வாங்கிய கம்பெனி) ரேடியான் 8500 டிரைவர், குவேக் 3 ஃபைலின் பெயரைப் பார்த்து கேமை அடையாளம் கண்டு படத்தின் தரத்தைக் குறைத்து வேகம் காட்டியது. ஃபைலின் பெயரைக் குவாக் என்று மாற்றியதும் வேகம் இறங்கிப் படம் தெளிந்தது. 2003இல் 3டிமார்க்03 சோதனையில் என்விடியா டிரைவரிடமும் இதுபோன்ற வேலையைக் கண்டுபிடித்தார்கள். எந்தப் பக்கமும் சுத்தமில்லை.

நாகர்கோவில்: லேப்டாப் 4060ம் டெஸ்க்டாப் 4060ம் ஒன்றா?

இல்லை. டெஸ்க்டாப் 115 வாட். லேப்டாப்பில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கம்பெனி எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரே பெயரில் இரண்டு லேப்டாப் வெகு தூரம் விலகி நிற்கும். வாட் தெரியாமல் லேப்டாப் எண்ணைப் பகிராதீர்கள்.

சென்னை: ரிச்சி தெருவில் பழைய 3060 வாங்கினேன். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டுங்கள். கார்டின் பயாஸை மாற்றிப் பெயர் சூட்டியிருந்தால் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிவிடும். 3060இன் 12 ஜிபி மாடலில் 3584 கோர், 192 பிட் பஸ் இருக்க வேண்டும். பிறகு 3டிமார்க் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஓட்டுங்கள். அது 20 சுற்று ஓடும், 97 சதவீதம் நிலையாக நின்றால்தான் தேர்ச்சி. ஃபர்மார்க் என்ற வதைச் சோதனை வேண்டாம். கேம் எதுவும் கார்டை அப்படி வதைக்காது, அந்த எண்ணால் உங்களுக்குப் பயனும் இல்லை.

தாம்பரம்: ரேம் ஒரு ஸ்டிக் 16 ஜிபி அண்ணா. எக்ஸ்எம்பி எங்க இருக்குன்னு தெரியல.

பயாஸில் ரேம் வேகம் இருக்கும் பக்கத்தில். சில ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்று இருக்கும். இன்னொரு ஸ்டிக் வாங்கி, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். அதுவரை கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

வேலூர்: சரி ப்ரோ, 16 ஜிபி 9060 எக்ஸ்டியா, 16 ஜிபி 5060 டிஐயா?

உங்கள் கேம், உங்கள் மானிட்டர் இரண்டும் தெரியாமல் சொல்ல முடியாது.

மதுரை: டிசம்பரில் எடுத்த எண்ணும் மே மாதம் எடுத்த எண்ணும் ஒத்துவரவில்லை. கார்டு தேய்ந்துவிட்டதா?

தேயவில்லை, அறை சூடாகிவிட்டது. அறை 10 டிகிரி ஏறினால், விசிறி வேகம் மாறாத வரை கார்டும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். என்விடியா கார்டு சூடேற ஏற க்ளாக்கை (சிப் ஓடும் வேகம்) சின்னச் சின்னப் படியாக, 15 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இறக்கும். வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் மே மதியம் எடுத்ததை அதோடு ஒப்பிட முடியாது. அதனால் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அறை வெப்பத்தையும் எழுதி வையுங்கள். கார்டின் வெப்பத்திலிருந்து அதைக் கழித்து வரும் எண்ணை ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசமே வளர்ந்துகொண்டு போனால்தான் தூசியோ, தெர்மல் பேஸ்ட்டோ (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) என்று பார்க்க வேண்டும். கேஸ் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து எடுத்தீர்களா, மூடி எடுத்தீர்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.