ஆபீஸில் கலகல, வீட்டில் கப்சிப்: வாசகர் கேள்வி - பதில்

இன்ட்ரோவர்ட்டும் (தனிமை விரும்பும் அமைதியானவர்) இல்லை, எக்ஸ்ட்ரோவர்ட்டும் (கலகலப்பாகப் பழகுபவர்) இல்லை, 'ஆம்பிவர்ட்' என்கிறார்களே, அந்த இடைப்பட்ட குணம் பற்றி வந்த கேள்விகளில் சில. பதில் தருபவர்கள்: நமது உளவியல் ஆலோசகர்கள்.

ஆபீஸில் நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் எடுக்க மாட்டேன். ஆன்லைன் டெஸ்ட்டில் இன்ட்ரோவர்ட் என்று வந்தது. மூன்று மாதம் கழித்து அதே டெஸ்ட்டில் எக்ஸ்ட்ரோவர்ட். நான் எதில் சேர்த்தி?
- வாசகி, திருப்பூர்

எதிலும் சேர்த்தி இல்லை. உங்களைப் போன்றவர்கள்தான் ஊரில் அதிகம். உயரத்தை அளந்தால் ரொம்பக் குள்ளமும் ரொம்ப நெட்டையும் கொஞ்சம் பேர், நடுத்தரம் நிறைய பேர் என்று வரும் அல்லவா? இந்தக் குணமும் அப்படித்தான். 1921-ல் இந்த இரண்டு சொற்களையும் உலகமெங்கும் பரப்பிய சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கே, எந்தப் பக்கமும் அதிகம் சாயாதவர்கள்தான் பெருங்கூட்டம் என்று சொல்லியிருக்கிறார். 1923-ல் எட்மண்ட் காங்க்லின் என்ற அமெரிக்க உளவியலாளர் அவர்களை ஆம்பிவர்ட் என்று அழைத்தார்.

டெஸ்ட் ஏன் மாறியது? I, E என்று எழுத்துக் குறியீடு தரும் டெஸ்ட்டுகள் அளவுகோலை நட்டநடுவில் இரண்டாக வெட்டுகின்றன. 100-க்கு 49 வாங்கினால் ஒரு பெயர், 52 வாங்கினால் எதிர்ப்பெயர். மாறியது 3 மார்க்தான். ஓரத்தில் இருப்பவருக்கு 3 மார்க் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது. நடுவில் இருப்பவருக்கு மட்டும்தான் இந்தக் கண்ணாமூச்சி.

அதற்காக 'நான் ஆம்பிவர்ட்' என்று மூன்றாவது பெயரை ஒட்டிக்கொள்வதிலும் பெரிய லாபமில்லை. நடு மார்க் பல வழிகளில் வரும். 2017-ல் வெளியான பிஎஃப்ஐ-2 என்ற குணம் அளக்கும் கேள்வித்தாள், எக்ஸ்ட்ரோவர்ட் குணத்தை மூன்றாகப் பிரிக்கிறது: கூட்டத்தோடு பழகும் ஆசை, முன்னால் நின்று நடத்தும் துணிவு, துடிப்பும் உற்சாகமும். ஒருவருக்கு 5-க்கு 3, 3, 3. இன்னொருவருக்கு 2, 4.5, 2.5. இருவருக்கும் சராசரி 3-தான். ஆனால் இரண்டாமவர் மீட்டிங்கைப் பிரமாதமாக நடத்திவிட்டு, பின்னாலேயே வரும் டீம் லஞ்சுக்கு டிமிக்கி கொடுப்பார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இவரைப் போலத் தெரிகிறது.

சரியாகத் தெரிய வேண்டுமானால் 14 நாள் குறிப்பு எழுதுங்கள். காலை 11, மதியம் 3, மாலை 7, இரவு 10 என்று தினமும் நான்கு முறை போனில் அலாரம் வையுங்கள். அடிக்கும்போது மூன்று விஷயம் மட்டும்: யாரோடு இருக்கிறேன் (தனியாக, ஓரிருவரோடு, கூட்டத்தில்), எவ்வளவு பேசினேன் (1 முதல் 5), இப்போது எவ்வளவு தெம்பு மிச்சம் (1 முதல் 5). ஒரு நிமிடம் போதும். பலர் செய்யும் தவறு, நாலையும் இரவு படுக்கும்போது யோசித்து எழுதுவது. அப்படி எழுதினால் கடைசியாகப் போட்ட சண்டையின் நிறம் முழு நாளுக்கும் ஏறிவிடும். தீபாவளி வாரத்திலும் ஆடிட்டிங் வாரத்திலும் தொடங்காதீர்கள். முடிந்ததும் சராசரியைப் பார்க்க வேண்டாம்; தெம்பு 1, 2 என்று விழுந்த வரிகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் எது பொதுவாக வருகிறது என்று பாருங்கள். தெரியாத ஆட்களா, கூட்டமா, பேச்சின் அளவா? அங்கேதான் விடை.

வில்லியம் ஃப்ளீசன் என்ற ஆய்வாளர் 2001-ல் வெளியிட்ட ஆய்வும் இதே மாதிரிதான் நடந்தது. ஒரே ஆள் சில வாரங்களுக்குள் அளவுகோலின் கிட்டத்தட்ட எல்லாப் படிகளையும் தொட்டுவிடுகிறார். அவருடைய சராசரி மட்டும் பெரிதாக அசைவதில்லை என்று அதில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனை எடுக்காதது வேஷமும் இல்லை, ஆபீஸில் பேசுவது நடிப்பும் இல்லை.

மெடிக்கல் ரெப் வேலைக்கு இன்டர்வியூ வருகிறது. 'ஆம்பிவர்ட்தான் சேல்ஸில் கில்லாடி' என்று ரீல்ஸில் பார்த்தேன். இன்டர்வியூவில் அதைச் சொல்லலாமா?
- வாசகர், மதுரை

ரீல்ஸுக்குப் பின்னால் ஒரு நிஜமான ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-ல் வெளியிட்டது. 340 கால் சென்டர் விற்பனையாளர்கள் மூன்று மாதத்தில் கம்பெனிக்கு ஈட்டித் தந்த விற்பனை வருவாயைப் பார்த்தார். நடுவில் இருந்தவர்கள், அமைதியானவர்களைவிட 24 சதவீதமும் வாயாடிகளைவிட 32 சதவீதமும் அதிகம் ஈட்டியிருந்தார்கள். அளவுக்கு மீறிப் பேசுபவர் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதில்லை. உற்சாகம் கூடிப்போனால் எதிராளி உஷாராகிவிடுவார் என்பது கிராண்ட் தரும் விளக்கம். ஆனால் அது போனில் நடந்த விற்பனை. அதை அப்படியே டாக்டர் அறைக்குள் கொண்டுவர முடியாது.

இன்டர்வியூவில் 'ஆம்பிவர்ட்' என்ற பெயரைச் சொல்லாதீர்கள், செயலைச் சொல்லுங்கள்: 'முதலில் ஒரு கேள்வி கேட்பேன், பதில் முடியும்வரை குறுக்கிட மாட்டேன்.' வேலையிலும் அதையே செய்யுங்கள். டாக்டர் தருவது இரண்டு மூன்று நிமிடம். முதல் கேள்விக்குப் பிறகு மூன்று நொடி வாயை மூடிக்கொண்டிருப்பது கேட்க எளிது, செய்யக் கடினம். நடுவில் இருப்பவர்கள் சறுக்கும் இடம் வேறு: சோர்ந்த நாளில் எல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை உள்ளே போகும் முன்பே அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் யார் இன்ட்ரோவர்ட் என்று தெரிந்துவிடுமாமே?
- வாசகர், கும்பகோணம்

1960-களில் செய்த சோதனை அது. சாறு சில சொட்டு விட்டு, ஊறும் எச்சிலைப் பஞ்சில் ஒற்றி எடை பார்ப்பார்கள். அமைதியானவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் ஊறியது. கூட்டத்தின் சராசரி அது. தனி ஆளைக் கண்டுபிடிக்க உதவாது. நடுவில் இருப்பவருக்குச் சுத்தமாக உதவாது.

கல்யாண வீட்டில் முதல் நாள் நான்தான் எல்லோரையும் சிரிக்க வைப்பேன். மறுநாள் முகூர்த்தத்தில் எரிச்சல் எரிச்சலாக வரும். 'நேத்து நல்லாத்தானே இருந்தே' என்கிறார் மாமியார்.
- வாசகி, நாமக்கல்

மாமியார் சொல்வதும் உண்மை, உங்கள் எரிச்சலும் உண்மை. ஃபின்லாந்தில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கலகலப்பாகப் பழகும் நேரத்தில் மனநிலை உயர்ந்தது; ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து அசதி கூடியது. சுவாரசியம் என்னவென்றால் இது வாயாடிகளுக்கும் பொருந்தியது. பேசும்போது அசதி தெரியாததால்தான் அளவு மீறிப்போகிறது. போதாக்குறைக்கு, ரிசப்ஷன் முடிந்து படுக்கப் பதினொன்று, முகூர்த்தத்துக்கு எழ நாலு மணி.

அசதி வந்த பிறகு ஒதுங்கினால் 'முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா' என்ற பெயர் வரும். அதனால் முன்பே ஒதுங்குங்கள். ரிசப்ஷனில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் மணமகள் அறையிலோ மாடியிலோ தனியாக இருங்கள். போனை நோண்டினால் அது ஓய்வில் சேராது. பிரையன் லிட்டில் என்ற உளவியல் பேராசிரியர், வகுப்பில் கலக்கிவிட்டுக் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்வேன் என்று மேடையிலேயே சொன்னவர். நம் மண்டபங்களில் அந்த வசதியை நம்ப முடியாது. முகூர்த்த நாளில் வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: தாம்பூலப் பை, மொய் நோட்டு, பந்தி. கையில் வேலை இருந்தால் ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்ளலாம், யாருக்கும் குறையும் தெரியாது.

வயது ஏறினால் குணம் மாறுமா?
- வாசகர், கோவை

மெதுவாக. இருபதிலிருந்து நாற்பதுக்குள் முன்னின்று பேசும் துணிவு பொதுவாகக் கூடுகிறது. கூட்டத்தைத் தேடும் ஆசை அப்படிக் கூடுவதில்லை.

என் மகளுக்கு 12 வயது. வீட்டில் ஓயாத வாய். பள்ளியில் பேசுவதே இல்லையாம். இவளும் ஆம்பிவர்ட்டா?
- வாசகி, சென்னை

அவசரப்பட்டு அந்தப் பெயரை வைக்க வேண்டாம். பேசப் பிடிக்கவில்லையா, பேசப் பிடித்தும் பயமா என்று முதலில் பாருங்கள். 'மதியம் யாரோடு சாப்பிட்டே?' என்று கேளுங்கள். 'ஒரு ஃப்ரெண்ட் போதும்மா' என்று நிம்மதியாகச் சொன்னால் விட்டுவிடலாம். சேர ஆசைப்பட்டும் சேர முடியாமல், பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, விடை தெரிந்தும் கை தூக்காமை, பாத்ரூம் போகக்கூட டீச்சரிடம் கேட்காமை என்று இருந்தால் அது குணமல்ல, பதற்றம். பள்ளியில் சுத்தமாகவே பேசாதது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள். விருந்தாளிகள் முன்னால் 'ஒரு பாட்டுப் பாடு' என்று நிறுத்துவதை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

சில நாள் தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டே இருக்கிறான் என் தம்பி. சில வாரம் அறையை விட்டு வருவதில்லை. இதுவும் இடைப்பட்ட குணம்தானா?
- வாசகர், திருநெல்வேலி

இல்லை. இடைப்பட்ட குணம் உள்ளவர் ஆளையும் இடத்தையும் பொறுத்து மாறுவார். இரண்டு நாள் ஓய்வில் பழையபடி ஆகிவிடுவார். நாலு நாளுக்கு மேல் தொடர்ந்து, மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே களைப்பில்லாமல், கட்டுப்பாடில்லாத செலவும் அடங்காத பேச்சுமாக இருப்பதும், பிறகு இரண்டு வாரம் எதிலும் நாட்டமில்லாமல் கிடப்பதும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரிடம் போகும்போது, எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று எழுதி எடுத்துப் போங்கள்.