400 நாள் படித்தும் பேச்சு வரவில்லை

கேள்வி: எனக்கு 47 வயது. செல்போன் செயலி ஒன்றில் தினமும் இரவு கால் மணி நேரம் பிரெஞ்சு படிக்கிறேன். ஒரு நாள்கூட விடாமல் 400 நாள் ஆகிவிட்டது. பயிற்சிகளில் பெரும்பாலும் முழு மதிப்பெண். சென்ற மாதம் பிரெஞ்சுக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் பேசியதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நானும் ‘போன்ஷூர்’ என்றதோடு நின்றுவிட்டேன். வயது போய்விட்டதா, அல்லது வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 400 நாள், தினம் கால் மணி என்றால் மொத்தம் 100 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்க ஒதுக்குவதாகப் பலகாலமாகச் சொல்லப்படும் வகுப்பு நேரம் 600 முதல் 750 மணி. அதுவும் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து, வீட்டுப் பாடம் தனி. ஆகவே வயதின் மேல் பழி போட இன்னும் காலம் வரவில்லை. குழந்தைக்கு உச்சரிப்பு எளிதாக வரும் என்பது உண்மைதான். ஆனால் ஓர் இலக்கண விதியைச் சொன்னவுடன் புரிந்துகொள்வதில் பெரியவர்களே முந்துவார்கள்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இன்றிரவு செயலியைத் திறந்ததும் உங்கள் விரலைக் கவனியுங்கள். ‘நாற்காலி’ என்று கேட்டு நான்கு சொற்களைக் காட்டும். இரண்டு வினைச்சொல், ஒன்று ஊர்ப்பெயர், மிச்சமிருப்பதைத் தொடுவீர்கள். சரி என்று மணி அடிக்கும். பள்ளித் தேர்வில் ‘பொருத்துக’ பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர் கட்டுரை எழுதிவிடுவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் 400 நாளாகப் பொருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சொல்லை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் கையை எடுங்கள். தட்டச்சு செய்யும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் சரியும், சரியட்டும். ஒலிவாங்கிப் பயிற்சியை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் குறுந்தகட்டில் பிரெஞ்சு படித்த காலத்தில், என் இருமலை ‘நன்று’ என்று பாராட்டிய மென்பொருள் ஒன்று இருந்தது.

காது விஷயம் இன்னும் கடினம், ஏனென்றால் பிரெஞ்சை எழுதுவது ஒரு விதம், பேசுவது வேறு விதம். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றிலும் வினையின் எழுத்து வேறு. காதில் விழுவதோ ‘பார்ல்’ என்ற ஒரே ஒலி. ‘லே’, ‘அமி’ என்று தனித்தனியாகப் படித்த சொற்கள் பேச்சில் ‘லேஸாமி’ என்று ஒட்டிக்கொள்ளும். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குச் செயலி ‘ஜு ந ஸே பா’ என்று கற்றுக்கொடுத்திருக்கும். எதிரில் இருப்பவர் ‘ஷே பா’ என்று முடித்துவிடுவார். எண்கள் தனிக் கூத்து: 80 என்பது ‘நான்கு இருபது’, 99 என்பது ‘நான்கு இருபது பத்தொன்பது’. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் நேரான சொற்கள் வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள்.

இதற்கு மருந்து, எழுத்தைப் பார்க்காமல் கேட்பதுதான். பிரான்ஸின் சர்வதேச வானொலியான ஆர்.எஃப்.ஐ. எளிய பிரெஞ்சில் சுமார் 10 நிமிடச் செய்தி ஒலிபரப்புகிறது. அதன் எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கும். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, கேட்டதைத் தாளில் எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். முதல் வாரம் தாள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் சில ஆதாயங்கள் உண்டு. எதிரில் இருப்பவரை ‘த்யு’ என்பதா ‘வூ’ என்பதா என்று பலர் குழம்புவார்கள். நீ, நீங்கள் என்று பழகிய நமக்கு அது பெரிய புதிரில்லை. மூக்கொலியும் அப்படித்தான். ‘அவன்’ என்று சாதாரணப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நாக்கு மேலே ஒட்டாமல் ஒலி மூக்கு வழியே வழிந்துவிடும். பிரெஞ்சில் ‘நல்ல’ என்பதற்கான ‘போன்’ முடிவதும் அப்படியே.

சிக்கல் பால் வேறுபாட்டில் வரும். மேசை பெண்பால் என்பதை எந்தத் தர்க்கத்தாலும் நம் மனம் ஏற்காது. ஆண்பால் சொல்லுக்கு முன்னால் ‘லு’ வரும், பெண்பாலுக்கு ‘லா’. ‘லு லிவ்ர்’ என்றால் புத்தகம், ‘லா லிவ்ர்’ என்றால் பவுண்டு. எனவே ‘லிவ்ர்’ என்று தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். முன்னால் நிற்கும் ‘லு’வையும் ‘லா’வையும் சொல்லின் முதல் எழுத்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மறக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் கேட்பது இந்தச் செயலிகளின் உண்மையான பலம், அதற்கு உங்களிடம் இருப்பதே போதும். அந்தப் பணத்தில் வாரத்துக்கு அரை மணி நேரம் உங்களோடு பேச ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். அந்த நாளில் செயலியைத் திறக்காமல் 400 அறுந்துபோனால் போகட்டும்.

அதற்குள் அந்த நண்பரைத் திரும்பச் சந்திக்க நேர்ந்தால் ஒரு வாக்கியத்தைக் கைவசம் வைத்திருங்கள்: ‘பூவே வூ ரேபேத்தே ப்ளூ லான்த்மான், சில் வூ ப்லே?’ கொஞ்சம் மெதுவாகத் திரும்பச் சொல்ல முடியுமா என்று பொருள். அரை நிமிடத்துக்குள் மறுபடியும் வேகமெடுத்துவிடுவார். மறுபடியும் இதையே கேளுங்கள்.