நீலம் வந்ததும் எடுத்துவிடாதீர்கள்

கேள்வி: தாளில் ரசாயனம் பூசி வெயிலில் நீலப் படம் எடுக்கும் சயனோடைப் முறையில் இலைகளை வைத்து வெயில் அச்சு எடுத்துப் பார்த்தேன். 100 மில்லி தண்ணீருக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், இன்னொரு 100 மில்லிக்குப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம். இரண்டையும் சம அளவில் கலந்து பூசினேன். வெயிலில் தாள் அழகாக நீலமானது. கழுவியதும் பாதி நிறம் போய்விட்டது. இலையின் ஓரமும் தெளிவாக இல்லை. எங்கே பிழை?

பதில்: கலவையில் பிழை இல்லை. நீலத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். என் முதல் பத்துப் பன்னிரண்டு தாள்களும் இப்படித்தான் வெளுத்தன.

பூசிக் காய்ந்த தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வெயில் பட்டதும் பச்சை கருக்கும், நீலமாகும். அப்போது கைவைக்காதீர்கள். நீலம் இன்னும் கருத்து, அதன்மேல் சாம்பல் பூத்ததுபோல் ஒரு மங்கல் படரும். தாள் கெட்டுவிட்டதோ என்று மனம் பதறும். அந்தச் சாம்பல் நிறத்துக்காகத்தான் காத்திருக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில்தான் பூச்சிலுள்ள இரும்பு உப்பு மாறி, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலம் என்ற நிறமி உண்டாகிறது. மாறாத பூச்சு தண்ணீரோடு போய்விடும். உங்கள் தாளில் போனது அதுதான். எத்தனை நிமிடம் என்று நான் சொல்வதைவிட, ஒரு துண்டுத் தாளை அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பாருங்கள். கழுவியபின் எந்தப் பட்டை நன்றாக இருக்கிறதோ, அன்றைய வெயிலுக்கு அதுவே கணக்கு.

ஓரம் மங்கியதற்குக் காரணம், இலை தாளோடு ஒட்டிப் படியாததுதான். பச்சை இலை கண்ணாடிக்கு அடியில் வியர்த்துப் பூச்சையும் கறையாக்கும். தடித்த புத்தகத்தில் சில நாள் அழுத்தி உலர்த்திய இலையை வைத்து, மேலே கண்ணாடி போட்டு நான்கு பக்கமும் கிளிப் மாட்டுங்கள். ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த இந்த முறையைக் கொண்டு தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் மறு ஆண்டே கடற்பாசிகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். உலர்த்திய பாசியை நேரே தாளில் வைத்து எடுத்த அச்சுகள் அவை; கேமரா இல்லை. நூல்போன்ற கிளைகள்கூட அவற்றில் தனித்தனியாகத் தெரிகின்றன. பார்க்கும்போதெல்லாம் வியக்கிறேன்.

வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயல் மறையும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். சோப்போ சோடாவோ வேண்டாம், நீலத்தைத் தின்றுவிடும். ஈரத்தில் வெளிறித் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காற்றுப்பட்டுக் காயக் காய நிறம் ஏறும். மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள்.