அந்தினோவஸ் நாணயங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைல் நதியில் மூழ்கி இறந்த தம் அன்புக்குரிய அந்தினோவஸை ரோமப் பேரரசர் ஹேட்ரியன் தெய்வமாக்கினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இளைஞரின் முகம் பொறித்த நாணயங்களும் பேரரசரின் ஆணைப்படி வெளியானவைதானே? அவற்றில் அன்பைத் தேடுவது சரியா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தினோவஸ் இறந்தது கி.பி. 130 அக்டோபரில். 138இல் ஹேட்ரியன் மறையும்வரை ரோம் நகர அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்) அந்தினோவஸின் முகத்தை ஒரு காசிலும் பொறிக்கவில்லை. பொறித்தவை கிரேக்க மொழி வழங்கிய கிழக்கு மாகாணங்களின் நகரங்கள். அவை 30க்கும் மேற்பட்டவை. அலெக்சாந்திரியாவின் அக்கசாலை மட்டும் எகிப்தின் அரசு நிர்வாகத்தின் கீழ் இருந்தது.

பல காசுகளில் செலவை ஏற்றவரின் பெயரே இருக்கிறது. ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) நகரக் காசு, சொற்பொழிவாளர் போலெமோன் அதை ஸ்மிர்னா மக்களுக்கு அர்ப்பணித்ததாகச் சொல்கிறது. கிரேக்க நகரங்களான கொரிந்துவில் ஹொஸ்டிலியஸ் மார்செல்லஸ் அந்தினோவஸின் பூசாரி என்ற முறையிலும், டெல்ஃபியில் அரிஸ்டோடிமோஸ் பூசாரி என்ற முறையிலும் தம் பெயரைப் பொறித்தார்கள். போலெமோன் ஹேட்ரியனுக்கு நெருக்கமானவர். ஆகவே அரசரின் மனம் குளிரச் செய்த காரியம் இதில் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தினோவஸின் சொந்த ஊரான பித்தினியம் (இன்றைய துருக்கியின் போலு) வெளியிட்ட காசை அப்படி ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அதன் முன்புறத்தில் அடர்ந்த சுருள்முடியுடன் அவர் முகம். சுற்றிலும், 'தாயகம், அந்தினோவஸ் தெய்வத்தை' என்ற பொருளில் கிரேக்க எழுத்துகள். எழுவாய் இருக்கிறது, இரண்டாம் வேற்றுமை உருபேற்ற பெயர் இருக்கிறது, வினைச்சொல் இல்லை. 'போற்றுகிறது' என்று நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். பின்புறத்தில் அவர் கையில் மேய்ப்பனின் வளைகோலுடன் மாட்டருகே நிற்கிறார். அரண்மனைக்குப் போன பிள்ளையை ஊர் தன் மேய்ச்சல் நிலத்துக்கே திருப்பி அழைத்துக்கொண்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். பித்தினியத்தின் தாய்நகராகக் கருதப்பட்ட கிரேக்கத்தின் மந்தினியாவும் இந்த உறவை விட்டுக்கொடுக்கவில்லை: அங்கே வெட்டூரியஸ் என்பவர், அந்நகரம் இருந்த ஆர்க்காடியப் பகுதியின் மக்களுக்கென்று காசு அர்ப்பணித்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இக்காசுகளில் சில துளையிடப்பட்ட நிலையில் கிடைத்துள்ளன. துளையிட்டவர்கள் யாரென்று எந்த எழுத்தும் சொல்வதில்லை; ஆனால் கடையில் செலவழிக்கும் காசில் துளையிட வேண்டிய தேவை இல்லை, அதை உடலில் அணிய விரும்பியவருக்கே அது தேவைப்பட்டிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்