மாலையை மாற்றினால் காலையும் மாறுவது ஏன்?

கேள்வி: ஜாவா நிரல்மொழி கற்று வருகிறேன். மணி, நிமிடம் ஆகிய இரண்டு புலங்களை (மதிப்புகளை வைக்கும் இடங்களை) கொண்ட ‘கடிகாரம்’ என்னும் வகுப்பை எழுதினேன். புதிய பொருளை உருவாக்கும் நியூ (new) என்னும் சொல்லைக் கொண்டு ‘காலை’ என்றொரு பொருளை உருவாக்கி, அதன் மணியை 6 என வைத்தேன். அதே போன்ற இன்னொன்று வேண்டும் என்பதற்காக ‘மாலை = காலை’ என்று எழுதி, மாலையின் மணியை 18 ஆக்கினேன். இப்போது காலையின் மணியை அச்சிட்டாலும் 18 என்றே வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் நிரலில் இருப்பது ஒரே பொருள், அதற்குப் பெயர்கள்தான் இரண்டு. வகுப்பு என்பது வரைபடம், பொருள் என்பது அதைப் பார்த்துக் கட்டிய வீடு என்னும் உவமையைப் பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அது தவறான உவமை அன்று. ஆனால் மாறி (காலை, மாலை போன்ற பெயர்) என்பது என்ன என்பதைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை, உங்கள் குழப்பமோ அங்கேதான் இருக்கிறது.

நியூ இயங்கும்போது நினைவகத்தில் புதிய பொருளுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது; மணி, நிமிடம் போன்ற எண் புலங்களில் முதலில் 0 வைக்கப்படுகிறது; பிறகு கன்ஸ்ட்ரக்டர் (பொருள் உருவாகும்போது இயங்கும் தொடக்கப் பகுதி) இயங்கி, நீங்கள் கொடுத்த தொடக்க மதிப்புகளை நிரப்புகிறது; கடைசியில் அந்தப் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டு ஒன்று உங்களிடம் தரப்படுகிறது. ‘காலை’ என்னும் மாறியில் இருப்பது அந்தச் சுட்டு மட்டுமே. ‘மாலை = காலை’ என்ற வரி அந்தச் சுட்டையே நகலெடுக்கிறது; பொருளைத் தொடுவதில்லை. உங்கள் நிரலில் நியூ ஒரு முறைதான் இயங்கியிருக்கிறது, ஆகவே கடிகாரமும் ஒன்றுதான்.

சிமுலா 67 என்னும் பழைய நிரல்மொழியை உருவாக்கிய ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் இந்த வேறுபாட்டை அன்றே கண்முன் வைத்திருந்தார்கள். மதிப்பைக் கொடுக்க ஒரு குறி, சுட்டைக் கொடுக்க வேறொரு குறி என்று அம்மொழியில் இரண்டு தனித்தனிக் குறிகள் உண்டு. ஜாவாவும் பைத்தானும் இரண்டுக்கும் ஒரே சமக்குறியை வைத்துக்கொண்டன. கற்பவருக்கு இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். சி++ மொழியிலோ இதே வரி, மாறிகள் சுட்டுகளாக அறிவிக்கப்படாத வரை, பொருளின் உள்ளடக்கத்தையே நகலெடுக்கும் என்பதால், அங்கிருந்து ஜாவாவுக்கு வருகிறவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள்.

மாலைக்கும் தனியாக நியூ எழுதுங்கள். காலையின் மதிப்புகள் அப்படியே வேண்டுமென்றால், ஒரு கடிகாரத்தைப் பெற்று அதன் மணியையும் நிமிடத்தையும் தன் புலங்களில் எடுத்துக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நாளை அலாரங்களின் பட்டியல் ஒன்றையும் புலமாகச் சேர்த்தால், அதே முறையில் நகலாவது பட்டியலின் சுட்டுதான். இரண்டு கடிகாரங்களும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும், நீங்கள் மீண்டும் இதே கேள்வியுடன் நிற்பீர்கள். பட்டியலையும் புதிதாக உருவாக்கித்தான் நிரப்ப வேண்டும்.

கேள்வி: வகுப்பில் கடிகார வகைப் புலம் ஒன்றை அறிவித்து, அதன் மெத்தடை (வகுப்பில் எழுதிய செயல்பகுதியை) அழைத்தேன். ‘நல் பாயின்டர் எக்செப்ஷன்’ என்று நிரல் நின்றுவிட்டது. அறிவித்தால் பொருள் உருவாகாதா?

பதில்: உருவாகாது. அறிவிப்பு சுட்டுக்கான இடத்தை மட்டும் தருகிறது. நியூ இயங்கும் வரை புலத்தில் இருப்பது நல், அதாவது எந்தப் பொருளையும் காட்டாத சுட்டு. மெத்தடுக்குள் அறிவிக்கும் மாறியாக இருந்திருந்தால், மதிப்புக் கொடுக்காமல் பயன்படுத்துவதை, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்திருக்கும். புலங்களுக்கு அந்தக் காவல் கிடையாது. 1965-இல் அல்கால் டபிள்யூ என்னும் நிரல்மொழிக்காக இந்த வெற்றுச் சுட்டைப் புகுத்திய கணினி அறிஞர் டோனி ஹோர், 2009-இல் அதைத் தமது பில்லியன் டாலர் பிழை என்று குறிப்பிட்டார். கன்ஸ்ட்ரக்டர் முடிவதற்குள் எல்லாப் புலங்களுக்கும் பொருளைக் கொடுத்துவிடும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.